சாதனை விமானத்தின் டைகாஸ்ட் மாடல் வாங்குவது எப்படி: வால் எண் முதல் சுங்கக் கடிதம் வரை

என் பெட்டி 19 நாள் சுங்கக் கிடங்கில் கிடந்தது. உள்ளே இருந்தது அமெரிக்க உளவு விமானமான எஸ்ஆர்-71 பிளாக்பேர்டின் 1:72 அளவு டைகாஸ்ட் மாடல் (உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்தது), அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற பொருள். விற்றவர் சுங்கப் படிவத்தில் எழுதியிருந்ததோ "மிலிட்டரி ஏர்கிராஃப்ட், மெட்டல்". போர் விமானம், உலோகம் என்று எழுதிய பெட்டியை எந்த அதிகாரிதான் பார்க்காமல் விடுவார்?

ஒருவழியாகப் பெட்டி வந்து சேர்ந்தது. திறந்தால் வாலில் வேறு எண். நான் விரும்பியது சாதனை படைத்த விமானம். வந்தது அதே வகையில் இன்னொன்று. விற்றவர் ஏமாற்றவில்லை, விற்பனைப் பக்கத்தில் எண் சரியாகவே இருந்தது. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

இரண்டாவது முறை ஒழுங்காக வாங்கினேன். அப்போது செய்தவற்றைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு எஸ்ஆர்-71ஐயே எடுத்துக்கொள்கிறேன், நடுவில், அட்லாண்டிக்கைத் தனியாளாக நிற்காமல் கடந்த லிண்ட்பெர்க்கின் விமானம் ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸும் வரும். நீங்கள் வேறு சாதனை விமானம் வாங்கினாலும் படிகள் இவைதான்.

1. எந்தச் சாதனை, எந்த வால் எண் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

"எஸ்ஆர்-71 வேண்டும்" என்று தேடினால் கிடைப்பது எஸ்ஆர்-71, அவ்வளவுதான். மொத்தம் 32 விமானங்கள் கட்டப்பட்டன. மாடல் தயாரிப்பவர்கள் ஒரே அச்சில் வார்த்து, எண்ணையும் குறிகளையும் மாற்றி மாற்றி வெளியிடுவார்கள். படத்தில் எல்லாமே ஒரே கறுப்பு. சாதனையோடு சேர்த்துப் பேசப்படும் எண்கள் முக்கியமாக மூன்று:

17958: 1976 ஜூலை 28 அன்று மணிக்கு 3,529 கிலோமீட்டரைத் தாண்டிய வேகச் சாதனை.

17962: அதே நாளில், கிடைமட்டப் பறப்பில் 25,929 மீட்டர் உயரம்.

17972: இதற்கு இரண்டு பெரிய நாள்கள். 1974 செப்டம்பர் 1 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 1 மணி 54 நிமிடம் 56 விநாடி. 1990 மார்ச் 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வாஷிங்டனுக்கு 64 நிமிடம் 20 விநாடி. இந்த இரண்டாவது பறப்பு முடிந்ததும் விமானம் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம் போய்ச் சேர்ந்தது.

இதில் புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒரு விற்பனைப் பக்கத்தில் 61-7972 என்று இருக்கும், இன்னொன்றில் 64-17972. இரண்டும் ஒரே விமானம். முன்னால் உள்ள இலக்கங்களை எழுதுவதில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். வாலில் பார்க்க வேண்டியது 17972 என்ற ஐந்து இலக்கம். நான் இந்த இரண்டையும் வேறு வேறு விமானம் என்று நினைத்து, சரியானதை ஒதுக்கிவிட்டுத் தவறானதை வாங்கினேன்.

எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, காலமும் பொருந்த வேண்டும். 17972க்கு 1974இல் இருந்த தோற்றமும் 1990இல் இருந்த தோற்றமும் ஒன்றல்ல. எழுபதுகளில் எஸ்ஆர்-71களில் வெள்ளை எழுத்துகளும் தேசியச் சின்னமும் இருந்தன. பின்னாளில் பெரும்பாலான குறிகளைக் குறைத்து, வால் எண்ணை மங்கிய சிவப்புக்கு மாற்றினார்கள். ஆகவே "நியூயார்க்–லண்டன் சாதனை" என்று பெட்டியில் அச்சிட்டு, உள்ளே எண்பதுகளின் சிவப்பு எண்ணோடு மாடல் இருந்தால், சந்தேகப்படுங்கள்.

விற்பவர் "பிளாக்பேர்ட்" என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். ஏ-12, ஒய்எஃப்-12 ஆகிய அண்ணன்மாரையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். ஏ-12இல் ஒருவர்தான் உட்காரலாம். எஸ்ஆர்-71இல் முன்னும் பின்னுமாக இரண்டு பேர். விமானி அறைக் கண்ணாடிகளை எண்ணினாலே தெரிந்துவிடும். ஒய்எஃப்-12 அடையாளம் மூக்கில் இருக்கிறது: எஸ்ஆர்-71இல் உடலிலிருந்து மூக்கு நுனிவரை தட்டையாக ஓடும் பக்க விளிம்பு, ஒய்எஃப்-12இல் விமானி அறைக்கு அருகிலேயே வெட்டப்பட்டிருக்கும். 1965 மே மாத வேகச் சாதனை ஒய்எஃப்-12க்கு உரியது. அதைத் தேடுபவர்கள் எஸ்ஆர்-71ஐ வாங்கிவிடக் கூடாது.

ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸில் இதே பிரச்சினை வேறு உருவத்தில் வரும். மூக்குப் பகுதியில் பல நாட்டுக் கொடிகள் வரைந்த மாடல்கள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 1927 மே 20 அன்று பாரிஸுக்குக் கிளம்பியபோது அந்தக் கொடிகள் இல்லை. பிறகு லத்தீன் அமெரிக்கா உள்ளிட்ட இடங்களுக்கு அந்த விமானம் சென்றபோது சேர்ந்தவை அவை. பாரிஸ் பறப்புதான் வேண்டும் என்றால் கொடியில்லாத மாடலைத் தேடுங்கள். மூக்கு பொன்னிறமாக இருக்க வேண்டுமா, வெள்ளி நிறமாகவா என்பதும் ஓயாத சண்டை. அருங்காட்சியகத்தில் பொன்னிறமாகத் தெரிவதற்குக் காரணம், குறிகளைக் காப்பாற்ற அங்கே பூசிய தெளிபூச்சு நாளாகி மஞ்சளித்ததுதான். பறந்த காலத்தில் அது அலுமினிய நிறம். எனக்கு வெள்ளிதான் பிடிக்கும். பொன்னிறம் வாங்கியவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: விமானம், வால் எண், தேதி. பணம் கட்டும்வரை அந்தத் தாள் கண்ணெதிரே இருக்கட்டும்.

2. அளவைக் கணக்குப் போடுங்கள், அலமாரியையும் அளந்துவிடுங்கள்

உண்மையான நீளத்தை அளவு எண்ணால் வகுத்தால் மாடலின் நீளம். எஸ்ஆர்-71 நீளம் சுமார் 32.7 மீட்டர், இறக்கை அகலம் சுமார் 16.9 மீட்டர். 1:72இல் 45 சென்டிமீட்டருக்கு மேல் வரும். 1:144இல் சுமார் 23. 1:200இல் 16 சொச்சம். ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸுக்கு இறக்கை 14 மீட்டர்தான். அது 1:72இல் 20 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், 1:48இல் 29 சென்டிமீட்டர்.

பெரும்பாலான புத்தக அலமாரிகளின் ஆழம் 30 சென்டிமீட்டருக்கு அருகில் இருக்கும். 1:72 பிளாக்பேர்டை அதில் மூக்கு வெளியே பார்க்கும்படி வைக்க முடியாது, பக்கவாட்டில்தான் வைக்க வேண்டும். நான் அளக்காமல் வாங்கினேன். முதல் மூன்று வாரம் அது சாப்பாட்டு மேசையில் இருந்தது.

பழைய மாடல்களில் அளவு எண்ணே இல்லாமல், "டைகாஸ்ட் பிளேன்" என்று மட்டும் இருக்கும். பெட்டிக்குப் பொருந்துகிற அளவில் வார்த்தவை அவை. விற்பவரிடம் மூக்கு நுனியிலிருந்து வால்வரை சென்டிமீட்டரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மேலே சொன்ன கணக்கை நீங்களே போடலாம்.

3. பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய படங்கள்

புதிய மாடலை நேராகக் கடையில் வாங்கினால் இந்தப் படி பெரிதாகத் தேவையில்லை. ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்ததை வாங்கினால் இதுதான் முக்கியம். கடைக்காரரின் விளம்பரப் படம் வேண்டாம், உங்களுக்கு வரப்போகும் அதே மாடலின் படம் வேண்டும். நான் கேட்பவை:

மூக்கு நுனியில் ஊசிபோல் நீளும் பிட்டோ குழாய் (நிஜ விமானத்தில் வேகத்தை அளக்க உதவுவது), அருகிலிருந்து. பிளாக்பேர்ட் மாடலில் முதலில் வளைவதும் ஒடிவதும் அதுதான். வால் எண் இரண்டு பக்கமும். அடிப்பகுதி முழுவதும். சக்கரங்கள், கதவுகள், ஸ்டாண்ட் என்று தனித்தனியாக வரும் பாகங்கள் எல்லாம் ஒரே படத்தில். பெட்டியின் ஓரத்தில் உள்ள பொருள் எண். சர்டிஃபிகேட் அட்டை இருந்தால் அதன் எண்.

டைகாஸ்ட் என்றால் முழுக்க உலோகம் என்று நினைக்காதீர்கள். உடல் துத்தநாகக் கலவையில் இருக்கும், சக்கரக் கால்கள், ஆன்டெனா, கண்ணாடி எல்லாம் பிளாஸ்டிக். சிலவற்றில் இறக்கையே பிளாஸ்டிக்தான். எந்தெந்தப் பாகம் உலோகம் என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சுங்கத்தில் உதவும்.

பழைய மாடலாக இருந்தால் "ஜிங்க் பெஸ்ட்" என்ற நோயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். வார்த்தபோது துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், பல ஆண்டுகள் கழித்து உலோகம் உள்ளிருந்தே விரிசல் விட்டு, உப்பி, உதிர ஆரம்பிக்கும். ஈரக்காற்று அதை விரைவுபடுத்தும். இதற்கு மருந்து கிடையாது. பெயின்டில் மெல்லிய வலைப்பின்னல் போன்ற கீறல், இறக்கை வளைந்தது போன்ற தோற்றம், பாகங்கள் சரியாகச் சேராமல் இடைவெளி விடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

4. சர்டிஃபிகேட்டை நம்பி அதிகம் கொடுக்காதீர்கள்

"லிமிடெட் எடிஷன்" என்ற சொல் பெட்டியில் இருக்கும். எத்தனை என்று எழுதியிருக்கிறதா, உங்களுடையது எத்தனையாவது என்று எண் இருக்கிறதா என்று பாருங்கள். பல சர்டிஃபிகேட்டுகள் வெறும் அச்சடித்த அட்டைதான். எல்லாப் பெட்டியிலும் ஒரே அட்டை, எண்ணே கிடையாது. எண் உள்ள அட்டை என்றால், பெட்டி, அட்டை, சில சமயம் ஸ்டாண்டின் அடிப்பகுதி என்று எங்கெல்லாம் அச்சிட்டிருக்கிறதோ எல்லா இடத்திலும் அது ஒத்துப்போக வேண்டும். மாறினால் இரண்டு பெட்டிகளைக் கலந்திருக்கிறார்கள்.

அரிது என்று சொல்லி விலை ஏற்றியிருந்தால் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். வார்ப்பு அச்சு தயாரிப்பாளரிடமே இருக்கிறது. நாளை அதே அச்சில் இன்னொரு வால் எண்ணோடு புதிய வெளியீடு வந்தால், பழையதற்கு ஏறிய விலை இறங்கிவிடும். உங்கள் தாளில் உள்ள எண் அந்தப் புது வெளியீட்டில் வரவும் வாய்ப்பு உண்டு. அவசரமில்லை என்றால் காத்திருங்கள்.

5. விற்பவரிடம் வாங்க வேண்டிய காகிதங்கள்

என் 19 நாளும் இங்கே தவறவிட்டதால் போனது. வெளிநாட்டிலிருந்து வாங்குகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன்பே விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: சுங்கப் படிவத்தில் இன்ன வாசகம்தான் எழுத வேண்டும் என்று. நான் இப்போது அனுப்பும் வாசகம் இது: "டைகாஸ்ட் ஸ்கேல் மாடல், 1:72, ஃபார் டிஸ்ப்ளே, ஜிங்க் அலாய் அண்ட் பிளாஸ்டிக், நோ இன்ஜின், நோ பேட்டரி." இதை ஆங்கில எழுத்தில் அனுப்பினால் விற்பவர் அப்படியே எடுத்து ஒட்டிவிடலாம். "மிலிட்டரி", "ஃபைட்டர்", "ஜெட்", "ஏர்கிராஃப்ட் பார்ட்ஸ்" ஆகிய சொற்கள் எங்கேயும் வரக் கூடாது. விமானத்தின் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்றால், "மாடல் ஆஃப்" என்பதற்குப் பின்னால் வரட்டும்.

குறியீட்டு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். உலகம் முழுக்கச் சுங்கத்தில் பயன்படும் எச்எஸ் வரிசையில், சிறிதாக்கிய ஸ்கேல் மாடல்கள் பொம்மைகளோடு சேர்ந்து 9503 என்ற தலைப்பில் வரும். நிஜ விமானங்களும் அவற்றின் உதிரிப் பாகங்களும் 88ஆம் அத்தியாயம். 9503க்குப் பின்னால் வரும் இலக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறும், அதை உங்கள் சுங்கத்தின் வரிப் பட்டியலில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நான்கும் சரியாக இருந்தால் பாதிக் கேள்வி எழாது.

தபாலில் வந்தால் சிறு மதிப்புக்குச் சிஎன்22, அதற்கு மேல் சிஎன்23 என்ற படிவம் பெட்டிமேல் ஒட்டியிருக்கும். கூரியரில் வந்தால் கமர்ஷியல் இன்வாய்ஸ். எதுவாக இருந்தாலும் அனுப்பும் முன் அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். சலித்துக்கொள்கிற விற்பவர் உண்டு. அப்படிச் சலித்துக்கொள்பவரிடம் நான் வாங்குவதில்லை.

பொம்மை என்ற தலைப்பில் வருவதால் ஒரு பக்க விளைவு இருக்கிறது. சில நாடுகளில் குழந்தைப் பொம்மைக்கான பாதுகாப்புச் சான்று கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொம்மை விதியில், 14 வயதும் அதற்கு மேலும் உள்ள சேகரிப்பாளர்களுக்கு என்று பெட்டியில் தெளிவாக எழுதியிருக்கும் பொருளுக்கு விலக்கு உண்டு. வேறு இடங்களிலும் வயதை வைத்துத்தான் பெரும்பாலும் பிரிக்கிறார்கள். ஆகவே பெட்டியில் "14+" என்று அச்சிட்டிருக்கும் மூலையைத் தனியாக ஒரு படம் எடுத்து வாங்கி வையுங்கள். எனக்கு அந்த ஒரு படம்தான் கடைசியில் கதவைத் திறந்தது.

"கிஃப்ட் என்று போட்டுவிடவா? விலையைக் குறைத்து எழுதவா?" என்று விற்பவரே கேட்பார், நல்லெண்ணத்தில்தான். வேண்டாம் என்று சொல்லுங்கள். பொய் மதிப்பு எழுதுவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெட்டி நசுங்கி வந்தால் காப்பீடு கொடுப்பது எழுதிய மதிப்புக்குத்தான். பத்தில் ஒரு பங்கு எழுதியிருந்தால் பத்தில் ஒரு பங்குதான் கைக்கு வரும்.

6. உண்மையான செலவைக் கூட்டிப் பாருங்கள்

விற்பனைப் பக்கத்தில் தெரிவது முதல் வரி மட்டும். மாடல் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். அனுப்பும் கட்டணம் 40, காப்பீடு 2. பல நாடுகளில் இந்த மூன்றையும் சேர்த்த 142க்குத்தான் சுங்க வரி போடுவார்கள், பொருள் விலைக்கு மட்டும் போடும் நாடுகளும் உண்டு. வரி 10 சதவீதம் என்றால் 14.20. இப்போது 156.20. அதன்மேல் விற்பனை வரி 20 சதவீதம் என்றால் இன்னொரு 31.24. ஆக மொத்தம் 187.44. உங்கள் நாட்டு விகிதங்களைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள், இவை உதாரணத்துக்குச் சொன்னவை. கூட்டும் வரிசை மட்டும் இப்படித்தான் போகும்: வரியின் மேல் வரி.

இன்னும் முடியவில்லை. கூரியர் உங்களுக்காக வரியை முன்பணமாகக் கட்டிவிட்டு, அதற்கென்று தனிக் கட்டணம் போடும். சிறிய மதிப்புள்ள பொருளுக்கு இந்தக் கட்டணம் வரியைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். பெட்டி கிடங்கில் தங்கினால், இலவச நாள்கள் முடிந்ததும் டெமரேஜ் என்ற கிடங்கு வாடகை ஓட ஆரம்பிக்கும். அட்டையில் கட்டினால் நாணய மாற்றுக் கட்டணம். "உங்கள் நாணயத்திலேயே கட்டுகிறீர்களா?" என்று பணம் கட்டும் பக்கம் கேட்டால் பெரும்பாலும் மோசமான விகிதம்தான் வரும். விற்பவரின் நாணயத்தில் கட்டி, மாற்றும் வேலையை உங்கள் வங்கிக்கு விடுங்கள்.

அனுப்பும் கட்டணம் ஏன் அவ்வளவு என்று பலர் கேட்கிறார்கள். பன்னாட்டு எக்ஸ்பிரஸ் கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். அதில் வரும் எண்ணுக்கும் உண்மையான எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. எனக்கு வந்த வெளிப்பெட்டி 55×35×18. பெருக்கி வகுத்தால் 6.93, அதாவது ஏழு கிலோவுக்கான கட்டணம். தராசில் அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் "சின்னப் பெட்டியில் போட்டு அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உள்பெட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது பஞ்சு இருந்தால்தான் அந்த ஊசி மூக்கு தப்பிக்கும். கட்டணம் உறுத்தினால் 1:144க்கு இறங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் மெதுவாக வரவழையுங்கள்.

விற்பவர் டிடிபி என்று போட்டிருந்தால் வரியும் விலையில் சேர்ந்தது. டிஏபி என்றால் வரி உங்கள் தலையில். இந்த மூன்றெழுத்தைப் பார்க்காமல் இரண்டு விற்பவர்களின் விலையை ஒப்பிடுவதில் பயனில்லை.

7. முன்பதிவின் தேதியை நம்பாதீர்கள்

புதிய வெளியீடுகள் முன்பதிவில்தான் வரும். அறிவித்த மாதத்தில் வராது. நான் பதிவு செய்தவற்றில் ஒன்றுகூடச் சொன்ன மாதத்தில் வரவில்லை. தள்ளிப்போவதில் தப்பில்லை. பணத்தை எப்போது எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அனுப்பும்போது எடுக்கும் கடை நல்லது. சிறு முன்பணம் வாங்குவதும் சரி, ரத்து செய்தால் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் இன்றே வாங்கும் கடையில் கவனம் தேவை.

ஏன் என்றால், புகார் கொடுப்பதற்குக் கெடு இருக்கிறது. பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகாரைத் திறக்க வேண்டும். முன்பதிவு எட்டு மாதம் இழுத்தால் அந்தப் பாதுகாப்பு பொருள் வருவதற்கு முன்பே காலாவதியாகிவிடும். கடன் அட்டைகளுக்கும் இதுபோல் கெடு உண்டு, உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். 150ஆவது நாளுக்கு ஒரு நினைவூட்டல் போட்டு, அன்று பொருள் வரவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டு மறுபடி பதிவு செய்வது என் வழக்கம். கொஞ்சம் கண்டிப்பாகத் தோன்றலாம்.

பரிசாகக் கொடுக்க வாங்குகிறீர்கள் என்றால், கையிருப்பில் இருக்கும் பொருளை மட்டும் வாங்குங்கள். அதிலும் அனுப்பிய நாளிலிருந்து ஆறு வாரம் ஒதுக்குங்கள். ஆண்டு இறுதியில் இன்னும் அதிகம்.

8. சுங்கத்தில் நின்றுவிட்டால்

டிராக்கிங் பக்கத்தில் "கூடுதல் ஆவணம் தேவை" என்ற மாதிரி ஒரு வரி வரும். நான் முதல் நாலு நாள் அது தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். ஆகாது. அன்றே கூரியரைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் கேளுங்கள்: என்ன ஆவணம், எந்த மின்னஞ்சலுக்கு. இலவசக் கிடங்கு நாள் எத்தனை என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அனுப்பும்போது துண்டு துண்டாக அனுப்பாதீர்கள். நான் இன்வாய்ஸை ஒரு நாள், அடையாள அட்டையை மறுநாள், பணம் கட்டிய ரசீதை அதற்கடுத்த வாரம் என்று அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குப் போனது என் பெட்டி. எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்-ஆக்கி, முதல் பக்கத்தில் டிராக்கிங் எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். உள்ளே இருக்க வேண்டியவை: இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான வங்கிப் பதிவு, விற்பனைப் பக்கத்தின் படம், பெட்டியின் படம் வயதுக் குறியோடு, உங்கள் அடையாள ஆவணம், கடைசியாக ஒரு சிறு கடிதம்.

விற்பனைப் பக்கத்தை வாங்கிய அன்றே படம் பிடித்து வைத்துவிடுங்கள். விற்றுப்போனதும் பல பக்கங்கள் மறைந்துவிடும்.

கடிதம் நீளமாக வேண்டாம். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி: "இந்தப் பெட்டியில் இருப்பது நிஜ விமானத்தின் 72இல் ஒரு பங்கு அளவுள்ள அலங்கார மாடல், எண்ணிக்கை ஒன்று. நீளம் சுமார் 45 செ.மீ. துத்தநாகக் கலவையும் பிளாஸ்டிக்கும் கொண்டது. இன்ஜின், பேட்டரி, ரேடியோ எதுவும் இல்லை, பறக்காது. சொந்தச் சேகரிப்புக்கு வாங்கியது, விற்பனைக்கு அல்ல. குறியீடு 9503." விமானம் படைத்த சாதனையைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம். என் முதல் கடிதத்தில் ஆர்வக்கோளாறில் அதன் வேகம், உயரம் எல்லாம் எழுதியிருந்தேன். பறக்காத பொருளுக்கு வேகம் எதற்கு என்று எனக்கு ஏன் தோன்றவில்லையோ தெரியவில்லை.

வரி தவறாகப் போட்டிருந்தால், பெரும்பாலான இடங்களில் கட்டி எடுத்த பிறகும் மேல்முறையீடு செய்யலாம். வரி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கிடங்கில் வைத்துக்கொண்டு வாதாடினால் டெமரேஜ்தான் ஏறும்.

9. பெட்டியைத் திறக்கும்போது

வாசலில் வாங்கியதும் வெளிப்பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் எடுங்கள். நசுங்கல் இருந்தால் கையெழுத்துப் போடும்போதே அதைக் குறிப்பிடுங்கள். பிறகு கைபேசியை எங்காவது சாய்த்து வைத்து, நாடாவை வெட்டுவதிலிருந்து மாடல் வெளியே வரும்வரை வெட்டில்லாமல் ஒரே காணொளி. சேதப் புகாருக்குக் கூரியர்கள் கொடுக்கும் கெடு சில நாள்கள்தான், பஞ்சும் பெட்டியும் பார்க்க வேண்டும் என்பார்கள். உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

உள்தட்டிலிருந்து எடுக்கும்போது மூக்கையோ வாலையோ பிடித்துத் தூக்கக் கூடாது. எடை முழுவதும் நடுவில் இருக்கிறது. இரண்டு கையாலும் இன்ஜின்களுக்கு உள்பக்கம் அடியில் ஏந்துங்கள். பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மங்கிய கறுப்பு பெயின்டில் விரல் எண்ணெய் பளபளப்பான தழும்பாக நின்றுவிடும். எண்களும் குறிகளும் டாம்போ முறையில், அதாவது மென்மையான பட்டையால் மையை ஒற்றி, அச்சிட்டவை. ஸ்பிரிட், ஈரத் துடைப்பான், சானிடைசர் எதுவும் ஆகாது, அப்படியே கரைந்து வந்துவிடும். தூசிக்கு மென்மையான பெயின்ட் பிரஷ் போதும்.

சக்கரங்களையும் கதவுகளையும் மாற்றிப் பொருத்தும் வசதி இருந்தால், இறக்கி வைப்பதா பறப்பது போல் வைப்பதா என்று ஒருமுறை முடிவு செய்துகொண்டு அதோடு விட்டுவிடுங்கள். மாற்றி மாற்றிக் கழற்றினால் அந்தச் சிறு பிளாஸ்டிக் கொக்கிகள் தளர்ந்துபோகும்.

10. எங்கே வைப்பது

நேர் வெயில் படாத, ஈரமில்லாத இடம். வெயிலில் கண்ணாடிப் பாகம் மஞ்சளாகும். மூடிய கண்ணாடி அலமாரி என்றால் ஒரு மூலையில் சிலிக்கா ஜெல் பை போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். பெட்டிக்குள் பல ஆண்டு வைக்கப்போகிறீர்கள் என்றால், மென்மையான டயர்கள் பிளாஸ்டிக் தட்டையோ தெர்மாகோலையோ தொடாதபடி நடுவில் ஒரு துண்டு அமிலமற்ற தாள் வையுங்கள். டயரில் உள்ள மென்மையாக்கி வெளியே கசிந்து, தொட்ட இடத்தை உருக்கிவிடும்.

இன்வாய்ஸ், வரி ரசீது, சுங்கத்துக்கு அனுப்பிய பிடிஎஃப், வால் எண்ணின் படம், சர்டிஃபிகேட்டின் படம், எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். வீட்டுக் காப்பீட்டில் சேர்க்கவும் பின்னால் விற்கவும் இவற்றைத்தான் கேட்பார்கள். என்னிடம் தவறான எண்ணோடு வந்த அந்த முதல் பிளாக்பேர்டை விற்றபோது, வாங்கியவர் அனுப்பிய முதல் கேள்வி: "வாலின் இரண்டு பக்கமும் படம் அனுப்ப முடியுமா?"